ஊர்க் கணக்கு வேறு, தெருக் கணக்கு வேறு: தட்டம்மை எங்கே பற்றிக்கொள்கிறது

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் லூப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பருத்தியும் எண்ணெய்க் கிணறுகளும் உள்ள பக்கம். 2023-24 கல்வியாண்டில் அந்த ஊர்ப் பள்ளியின் மழலையர் வகுப்பில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்த குழந்தைகள் 46 சதவீதம்தான். அதே ஆண்டு டெக்சாஸ் மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 94 சதவீதம். மாநில அறிக்கையை மட்டும் படித்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

2025 ஜனவரிக் கடைசியில், லூப் அடங்கிய கெய்ன்ஸ் கவுண்டியில் தட்டம்மை தலைகாட்டியது. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. ஆனால் கெய்ன்ஸில் மொத்தமே இருபதாயிரத்துச் சொச்சம் பேர்தான். அங்கே தொடங்கிய நோய் பக்கத்து ஊர்களுக்கும் அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவுக்கும் போனது. ஆகஸ்ட் 18 அன்று, முடிந்துவிட்டது என்று மாநில அரசு அறிவித்தபோது டெக்சாஸ் கணக்கில் 762 நோயாளிகள். அதில் 414 பேர் கெய்ன்ஸ்காரர்கள். 99 பேர் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். இரண்டு பேருக்குமே தடுப்பூசி போடவில்லை.

94 சதவீதம் பேர் ஊசி போட்ட மாநிலத்தில் இது எப்படி நடந்தது? பெற்றோர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெரிய கணிதம் ஒன்றும் தேவையில்லை. பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல் போதும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். புத்தகத்தில் தட்டம்மை என்கிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மணல்வாரி என்பார்கள், இலங்கையில் சின்னமுத்து. நீர்க் கொப்புளம் போடும் சின்னம்மை வேறு, இது வேறு. இரண்டுக்கும் வைரஸே வேறு. தட்டம்மையில் முதலில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. பார்த்தால் சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் முகத்தில் சிவப்புத் தடிப்பு தொடங்கி, கழுத்து, மார்பு, கை கால் என்று மேலிருந்து கீழாக இறங்கும்.

தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. வந்தபின் இன்னும் நான்கு நாள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டுப் பிள்ளை வெளியே போகக்கூடாது என்பதற்கு அது அடையாளம். அந்த வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது. ஆனால் தட்டம்மை விஷயத்தில் வேப்பிலை நான்கு நாள் தாமதமாகத்தான் வாசலுக்கு வருகிறது. அதற்குள் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும், மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கும், சளிக்கு மருந்து வாங்க டாக்டர் வீட்டு வரிசையில் கைக்குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.

பரவுவதற்குத் தொட வேண்டியதுகூட இல்லை. இருமிய காற்றிலேயே இந்த வைரஸ் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். நோயுள்ள குழந்தை எழுந்து போய் ஒரு மணி நேரம் கழித்து அதே அறைக்குள் வருகிற குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு வரும்.

"எங்களுக்கெல்லாம் வந்து போனதுதானே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வந்த நோயோடு போய்ச் சேர்ந்தவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. தட்டம்மை வந்த குழந்தைகளில் இருபதில் ஒன்றுக்கு நிமோனியா வருகிறது. ஆயிரத்தில் ஒன்றுக்கு மூளையில் வீக்கம் வருகிறது. அபூர்வமாக, நோய் குணமாகி ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து மூளையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் வேறொரு நோய் தலையெடுக்கும். அதற்கு மருந்து கிடையாது. இன்னொன்றும் உண்டு. உடல் அதுவரை சந்தித்த மற்றக் கிருமிகளைப் பற்றிய நினைவையே தட்டம்மை அழித்துவிடுகிறது. 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தட்டம்மை வந்துபோன குழந்தைகளிடம் முன்பிருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கிய பிறகும் பிள்ளை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் காய்ச்சலில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். உலகம் முழுக்க 2023-ல் மட்டும் சுமார் 1,07,500 பேர் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பதினைந்தில் பதினாலு

யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஓர் ஊரில் ஒரு நோயாளி வந்தால், அவரிடமிருந்து நேரடியாக எத்தனை பேருக்கு நோய் போகும்? நோயின் வேகத்தை இந்த எண்ணை வைத்துத்தான் அளக்கிறார்கள். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை. கொரோனா முதன்முதலில் வந்தபோது அது இரண்டு மூன்று என்ற அளவில்தான் இருந்தது. அதற்கே உலகம் கதவைச் சாத்தியது.

எளிமைக்காகத் தட்டம்மைக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தையிடமிருந்து பதினைந்து பேருக்குப் போக வேண்டிய நோய். அந்தப் பதினைந்தில் பதினாலு பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்? ஒரே ஒருவருக்குத்தான் போகும். அவரிடமிருந்தும் இன்னொருவருக்குத்தான். சங்கிலி நீளலாமே தவிர, பெருகாது. அதைவிடச் சற்றுக் கூடுதலான பேருக்கு எதிர்ப்பு இருந்துவிட்டால் சங்கிலி தானாக அறுந்துவிடும். பதினைந்தில் பதினாலு என்றால் 93 சதவீதம். நோயின் வேகத்தை 18 என்று வைத்தால் 94-ஐத் தாண்டும். தட்டம்மைக்கு 95 சதவீதம் என்று சுகாதாரத் துறைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது இந்த வகுத்தலில் இருந்து வந்ததுதான்.

இந்த அரண் யாருக்காக? ஊசி போட்டவர் ஏற்கெனவே தப்பித்துவிட்டார். ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு வழக்கமாக இந்த ஊசி போடுவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தைக்கு இதைப் போடவே முடியாது. இவர்களைச் சுற்றியிருக்கும் நாம்தான் இவர்களுக்குத் தடுப்பூசி. இதற்கு மந்தை எதிர்ப்புச் சக்தி என்று ஒரு பெயர் உண்டு, கொரோனாக் காலத்தில் அது அதிகம் அடிபட்டது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. சேர்ந்து போட்ட வேலி என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

ஊசி போட்டவர் எல்லாருக்கும் எதிர்ப்பு வந்துவிடுமா? வராது, இங்கேதான் இரண்டாம் தவணை வருகிறது. ஒரு வயதுக்கு மேல் ஒரு தவணை போட்டால் நூற்றில் 93 பேருக்குப் பாதுகாப்பு. இரண்டு போட்டால் 97 பேருக்கு. இந்தியாவில் முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. அந்த வயதில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் உடலில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அவை ஊசி மருந்தின் வேலையைப் பாதியில் தடுத்துவிடும். அதனால் ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றில் சுமார் 85 பேருக்குத்தான் பாதுகாப்பு கிடைக்கிறது. ஒரு வயது வரை காத்திருக்கலாமே என்றால், நோய் நடமாடும் நாட்டில் அந்த மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு நோயே வந்துவிடலாம். ஆகவே முதலில் ஒன்பதில் ஒன்று, பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இலங்கையில் ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுகிறார்கள். இரண்டாம் தவணையை "பூஸ்டர்தானே, பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. முதல் ஊசி பலிக்காத பதினைந்து பிள்ளைகளுக்கு அதுதான் உண்மையில் முதல் ஊசி. அந்தப் பதினைந்தில் நம் பிள்ளை இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சராசரி மறைப்பது

இரண்டு சிறு நகரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்துப் பள்ளிகள், பள்ளிக்கு நூறு பிள்ளைகள், ஆக ஆயிரம் பிள்ளைகள். இரண்டிலும் எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகள் நாற்பது பேர். அதாவது இரண்டு நகரத்துக்கும் சராசரி 96 சதவீதம். அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண்ணாக நிற்கும்.

முதல் நகரத்தில் அந்த நாற்பது பேரும் பள்ளிக்கு நாலு பேராகச் சிதறியிருக்கிறார்கள். வெளியூர் போய்வந்த ஒரு பிள்ளை தட்டம்மையோடு வகுப்புக்கு வருகிறது. பதினைந்து பேருக்குப் பரப்பக்கூடிய பிள்ளை. ஆனால் சுற்றியிருப்பவர்களில் நூற்றுக்கு நாலு பேர்தான் பிடிகொடுப்பவர்கள். பதினைந்தில் நூற்றுக்கு நாலு என்றால் 0.6. ஒருவருக்குக்கூடப் போகாமலே முடிந்துவிடலாம். போனாலும் ஒன்றிரண்டோடு அடங்கும்.

இரண்டாம் நகரத்தில் அந்த நாற்பது பேரும் ஒரே பள்ளியில். மற்ற ஒன்பது பள்ளிகளும் நூற்றுக்கு நூறு. அந்த ஒரு பள்ளிக்குள் அதே பிள்ளை வந்தால் கணக்கு பதினைந்தில் நூற்றுக்கு நாற்பது, அதாவது ஆறு. இரண்டு வாரத்துக்குள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் தலைக்கு ஐந்தாறு பேருக்குக் கொடுத்தால், அடுத்த இரண்டு வாரத்தில் மிச்சமிருப்பவர்களில் பெரும்பாலோர் படுத்துவிடுவார்கள். அப்புறம் அவர்களின் தம்பி தங்கைகள், தொட்டிலில் கிடக்கும் ஆறு மாதக் குழந்தைகள்.

ஒரே சராசரி. ஒன்றில் நோய் அணைந்தது, இன்னொன்றில் பற்றி எரிந்தது. எத்தனை பேர் ஊசி போடவில்லை என்பதோடு, அவர்கள் எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

நடைமுறையில் ஊசி போடாதவர்கள் சிதறியிருப்பதில்லை, சேர்ந்தேதான் இருப்பார்கள். ஒரே மாதிரி நினைப்பவர்கள் ஒரே கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறார்கள், ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறார்கள். ஏழைகளும் சேர்ந்தேதான் வாழ்கிறார்கள். செங்கல் சூளையில், கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகையில்.

கெய்ன்ஸில் நடந்ததும் இதுதான். அங்கே மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நெருக்கமாக வாழ்கிறார்கள். பேசுவது ஒரு வகை ஜெர்மன். தடுப்பூசி கூடாது என்று அவர்கள் மதம் விதி எதுவும் போடவில்லை. ஆனால் அரசாங்கத்தையும் ஆஸ்பத்திரியையும் விட்டு விலகியே வாழ்ந்து பழகியவர்கள். மனச்சாட்சியின் பேரில் ஊசியிலிருந்து விலக்குக் கேட்க டெக்சாஸ் சட்டம் 2003 முதல் இடம் கொடுக்கிறது. கெய்ன்ஸ் பள்ளிகளில் அந்த விலக்கு வாங்கிய பிள்ளைகள் 18 சதவீதத்தை நெருங்கியிருந்தார்கள். மழலையர் வகுப்பில் தட்டம்மை ஊசி போட்டவர்கள் சுமார் 82 சதவீதம். அதுவும் பள்ளிகள் கொடுத்த கணக்குதான். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளும், சமூகமே நடத்தும் சிறு பள்ளிகளின் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆக, 94-க்குள் ஒரு 82, அந்த 82-க்குள் ஒரு 46, அதற்கும் கீழே எண்ணப்படாத பிள்ளைகள்.

அந்த மாதங்களில் ஊசிக்குப் பதிலாக வைட்டமின் ஏ போதும் என்ற பேச்சும் அங்கே பரவியது. தட்டம்மை வந்த குழந்தைக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் வைட்டமின் ஏ உண்மையிலேயே உதவும். ஆனால் அது நோய் வராமல் தடுக்காது. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். அப்படிக் கல்லீரல் பாதிப்போடும் சில குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

வேலி சரிவது எப்படி

ஊசி போடாத பெற்றோரை முட்டாள்கள் என்று திட்டிவிட்டு நகர்வது எளிது. அது தவறு, பலனும் இல்லை. மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய சோமாலியக் குடும்பங்களில் 2004-ல் 92 சதவீதம் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்பட்டிருந்தது. மற்றவர்களைவிடக் குறைவே இல்லை. தங்கள் பிள்ளைகளிடையே ஆட்டிசம் அதிகமாக இருக்கிறதே என்ற கவலை அவர்களுக்கு வந்தது. அந்தக் கவலைக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில், தடுப்பூசிதான் காரணம் என்று சொல்ல ஆட்கள் வந்தார்கள். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டே நேரில் போய்ப் பேசினார். 1998-ல் வெறும் 12 குழந்தைகளை வைத்து அந்தத் தொடர்பைக் கிளப்பிய பிரிட்டிஷ் மருத்துவர் இவர்தான். அந்தக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. பிற்பாடு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2019-ல் எழுதினார்கள். ஆனால் பயம் அதற்கு வெகு முன்பே வேலையை முடித்திருந்தது. 2014-ல் அந்தச் சமூகத்தின் ஊசி விகிதம் 42 சதவீதம். 2017-ல் தட்டம்மை வந்தது, 75 பேருக்கு. பெரும்பாலோர் சோமாலியக் குழந்தைகள்.

சமோவாவின் கதை இன்னும் துயரமானது. பசிபிக் கடலில் சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது. 2018 ஜூலையில் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. மருந்தில் குற்றமில்லை. தூளாக வரும் ஊசி மருந்தைத் தண்ணீரில் கரைப்பதற்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் வேறொரு மருந்தில் கரைத்துவிட்டார்கள். இரண்டு செவிலியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். ஆனால் அந்த உண்மை வெளிவருவதற்குள் அரசு ஊசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. வதந்திகள் வேறு. முதல் தவணை போட்ட குழந்தைகள் 31 சதவீதமாகக் குறைந்தார்கள்.

அடுத்த ஆண்டே தட்டம்மை கரையிறங்கியது. 5,700 பேருக்கு நோய், 83 பேர் சாவு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. 2019 டிசம்பர் தொடக்கத்தில் நாடு முழுவதையும் இரண்டு நாள் மூடி, செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது அரசு. நோய் வந்த வீட்டில் நாம் வேப்பிலை செருகுகிறோம். அவர்கள் நோய் வரப்போகிற வீட்டில் துணி கட்டினார்கள். அந்த நான்கு நாள் தாமதம் அங்கே இல்லை. ஊசி நன்றாகப் போட்டிருந்த அண்டைத் தீவுகளான டோங்காவுக்கும் பிஜிக்கும் அதே ஆண்டு தட்டம்மை போனது. அங்கே ஒருவரும் சாகவில்லை.

சமோவாவைப் படிக்கும்போது எனக்குத் திருவள்ளூர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்குள் வந்து ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றானது. எச்சரிக்கையாகத்தான் செய்தார்கள். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்கும் தாய்க்கு அந்தத் தூரம் என்பது ஒரு நாள் சம்பளம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எல்லாத் தடுப்பூசிகளும் போட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகள் 2005-06-ல் 81 சதவீதமாக இருந்தது, 2015-16-ல் 70-க்கு இறங்கியது. இறக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலியில் பயம் ஒரு பக்கமும் தூரம் ஒரு பக்கமுமாக ஓட்டை போடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019-21 கணக்கெடுப்பில் அது 89-க்கு ஏறியது. இடையில் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை-ருபெல்லா (ஜெர்மன் அம்மை) ஊசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்ஆப்பில் வந்த குரல் பதிவுகளைக் கேட்டுப் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் எத்தனையோ. ஆசிரியர்களும் செவிலியர்களும் அந்த வீடுகளுக்கு நடந்தே போய்ப் பேசினார்கள்.

சேர்ந்துகொண்டே போகும் காய்ந்த சருகு

"நாலு வருஷமாக இந்தப் பக்கம் தட்டம்மையே இல்லையே" என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுக்கடலில் பாரோ தீவுகள் இருக்கின்றன. 1781-ல் அங்கே தட்டம்மை வந்து போனது. பிறகு 65 ஆண்டுகள் வரவே இல்லை. 1846-ல் ஒரு கப்பலில் மறுபடி வந்து இறங்கியது. தீவுகளில் இருந்த சுமார் 7,800 பேரில் 6,000 பேர் சில மாதங்களில் படுக்கையில் விழுந்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். 1781-ல் நோய் வந்து பிழைத்திருந்த கிழவர் கிழவிகள் ஒருவருக்கும் இம்முறை வரவில்லை. ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் காப்பு என்பதை உலகம் தெளிவாகக் கண்டது அவர்களை வைத்துத்தான். அந்த 65 ஆண்டுகளில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் காய்ந்த சருகாகச் சேர்ந்துகொண்டே வந்தது. அமைதியாக இருந்த காலம் பாதுகாப்பான காலமாக இல்லை.

நம் கணக்கில் இதைப் பார்ப்போம். ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகள் பிறக்கும் ஒரு வட்டாரம். முதல் தவணையை 88 சதவீதம் பேர் போட்டுக்கொள்கிறார்கள், 880 பேர். ஒன்பது மாத ஊசி நூற்றில் 85 பேருக்குத்தான் பலிக்கும்; ஆக 748 பேருக்குப் பாதுகாப்பு, 252 பேருக்கு இல்லை. இரண்டாம் தவணை யாருக்கும் போடாவிட்டால் நாலு ஆண்டில் இப்படிச் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அளவுக்கு இவர்கள் சேர்ந்துவிட்டால் பெரிய அலைக்குத் தயாராகிவிட்டது என்று பொருள். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை அரசுகள் சிறப்பு முகாம் போடுவது இந்தச் சருகைக் கூட்டி அள்ளத்தான்.

88 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2019-21 கணக்கெடுப்பில் இந்தியாவில் முதல் தவணை போட்ட குழந்தைகள் 87.9 சதவீதம். இரண்டாம் தவணை போட்டவர்கள் 58.6 சதவீதம்தான். அதற்குமேல் கொரோனா வந்தது. 2021-ல் உலகில் இரண்டரைக் கோடிக் குழந்தைகள் முதல் தவணையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மும்பையில் அது வெடித்தது. நகரம் முழுக்க ஒரே மாதிரி வரவில்லை. கோவண்டி உள்ளிட்ட நெருக்கமான குடிசைப் பகுதிகளில்தான் முதலில் வந்தது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், சத்துக்குறைவான குழந்தைகள், ஊரடங்கில் சொந்த ஊருக்குப் போய்வந்ததில் தவறிய ஊசிகள். பல குழந்தைகள் இறந்தன. அப்போது பாதிப்புள்ள பகுதிகளில் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை கூடுதலாக ஒரு தவணையும், ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கே முன்கூட்டி ஒரு தவணையும் போட ஏற்பாடானது. இலங்கை 2019-ல் தட்டம்மையை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. 2023-ல் அங்கும் மறுபடி வந்தது. ஒழித்தது என்றால் உள்ளூரில் சங்கிலி இல்லை என்றுதான் பொருள். விமானத்தில் வரும் நோயாளிக்கு அந்த அறிவிப்பு தெரியாது.

அப்படியானால் நாம் எந்த எண்ணைப் பார்ப்பது? முதலில் வீட்டு அட்டை. எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) என்றோ எம்.எம்.ஆர். (அவற்றோடு பொன்னுக்கு வீங்கியும்) என்றோ எழுதியிருக்கும் இடத்தில் இரண்டு தேதிகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால், பிள்ளைக்கு மூன்று வயதானாலும் நான்கு வயதானாலும் இப்போதே போடலாம்; வயது தாண்டிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். அட்டையே தொலைந்துவிட்டால், போட்டதாக நினைவு என்பதை நம்பாமல் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு தவணை போட்டால் கெடுதல் எதுவும் இல்லை. அப்புறம், பிள்ளை படிக்கும் பள்ளியிலோ பால்வாடியிலோ எத்தனை பேருக்கு இரண்டு தேதியும் இருக்கிறது என்று கேளுங்கள். டெக்சாஸில் அந்த எண் பள்ளி வட்டாரம் வாரியாக வெளியிடப்படுகிறது. நம் ஊரில் அது செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. கேட்கும் பெற்றோர் நாலு பேர் இருந்தால் விட்டுப்போன வீடுகளின் கதவு சீக்கிரம் தட்டப்படும். தெருக்கோடியில் புதிதாக வந்து தங்கியிருக்கும் கட்டட வேலைக் குடும்பத்தின் குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா என்று விசாரிப்பதும் இதில் சேரும். இந்தி தெரியாவிட்டாலும் அட்டையைக் காட்டிக் கேட்டால் புரியும்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். தட்டம்மை ஊசி மருந்து கண்ணாடிக் குப்பியில் தூளாக வருகிறது. ஒரு குப்பியில் ஐந்து அல்லது பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் நாலு மணி நேரம்தான்; மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். அதனால் ஒரே ஒரு குழந்தை வந்த நாளில், குப்பி வீணாகுமே என்று, "அடுத்த வாரம் வாம்மா, நாலு பிள்ளைங்க சேரட்டும்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த அடுத்த வாரம் பல வீடுகளில் வருவதே இல்லை. ஒரு குழந்தைக்காகக்கூடக் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் அரசின் விதி. ஒன்பது பேருக்கான மருந்து வீணானாலும் பரவாயில்லை என்று கணக்குப் பார்த்தே அந்த விதியை எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு புதன்கிழமை நீங்கள் மட்டும் பிள்ளையோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போய், மற்ற பெஞ்சுகள் காலியாகக் கிடந்தால், தயங்கித் திரும்ப வேண்டாம். "ஒரு பிள்ளைக்கும் திறக்கலாமாமே, நர்ஸம்மா" என்று கேளுங்கள். அவர் குப்பியை எடுத்து, கரைத்து, மணி பார்த்து அதன் மேல் பேனாவால் நேரத்தை எழுதுவார். பிள்ளையின் வலது கையை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊசி அந்தக் கையில்தான்.